1200 பாட் வேகத்தில் ஓர் அஞ்சல் பெட்டி

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பில், பேசுவதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செட் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் தஞ்சாவூரில் இரவு பத்து மணிக்கு மேல்தான் செட்டை ஆன் செய்வேன். பட்டுக்கோட்டையில் இருக்கும் அண்ணன் விடியற்காலையில் எழுந்து கூப்பிடுகிறவர், ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இருவரும் காற்றில் சந்திக்க வழியில்லை. செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உரியவர் வந்து கேட்கும்போது கொடுக்கிற ஒரு பெட்டி வேண்டும் என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பியது.

வாட்ஸ்ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனை நாள் மின்சாரமும் செல்போனும் இல்லாமல் கிடந்தது என்று நினைவிருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதோடு, இதில் ஆசையும் இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்கு வழி பாக்கெட் ரேடியோ: எழுத்துச் செய்தியை பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக ரேடியோவில் அனுப்புவது. இது புதிய சங்கதி அல்ல. 1978-லேயே கனடாவின் மான்ட்ரியலில் ஹாம்கள் இதைச் சோதித்தார்கள். எண்பதுகளில் அமெரிக்காவின் டூசான் ஊரைச் சேர்ந்த டாப்பர் குழு டிஎன்சி என்ற சின்னப் பெட்டியை வடிவமைத்துப் பரப்பியது. கணினியிலிருந்து வரும் எழுத்துகளை அது சத்தமாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும், வரும் சத்தத்தைத் திரும்ப எழுத்தாக்கும். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே ஸ்வரம். வேகம் 1200 பாட், அதாவது விநாடிக்கு 1200 பிட். அவை மாறி மாறி ஒலிப்பதுதான் செய்தி. ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறை செய்தியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் கால்சைன்களை (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) ஒட்டி அனுப்பும். துண்டு சரியாகப் போய்ச் சேர்ந்தால் எதிர்முனை ரசீது போடும், ரசீது வராவிட்டால் மறுபடி அனுப்பும். இன்று டிஎன்சி பெட்டி வாங்கத் தேவையில்லை. ஒரு பழைய லினக்ஸ் கணினி, ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு இரண்டு மீட்டர் அலைநீள (விஎச்எஃப்) செட், கையில் ஹாம் உரிமம். அவ்வளவுதான்.

மென்பொருள் வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடக்கிற பஞ்சாயத்து. அதனால் மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸின் மையமான கெர்னலின் பல பதிப்புகளுக்குள்ளேயே ஏஎக்ஸ்.25 உண்டு. ஏஎக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பில் ஒரு வரி எழுதி, கிஸ்அட்டாச் கட்டளை கொடுத்தால் ரேடியோ ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி எழுந்து நிற்கும். பார்க்க அழகு. ஆனால் சில கெர்னல் பதிப்புகளில் இணைப்பைத் துண்டிக்கும் இடத்தில் கோளாறு வந்து முழு கணினியும் உறைந்துபோவது ஹாம்களுக்குப் பழகிய தொல்லை. மொட்டை மாடியில் ஆளில்லாமல் கிடக்கப்போகும் கணினிக்கு அது ஒத்துவராது. அதனால் கெர்னலைத் தொடாமல், தானே ஏஎக்ஸ்.25-ஐப் பார்த்துக்கொள்ளும் லின்பிபிக்யூ என்ற நிரலை எடுத்துக்கொண்டேன். பிரிட்டனின் ஜான் வைஸ்மன் எழுதியது. முனையம் (செய்தியை வாங்கி அடுத்த நிலையத்துக்குக் கடத்தும் 'நோட்'), அஞ்சல் பெட்டி, அரட்டை எல்லாம் ஒரே நிரலில் இருக்கிறது. சத்தத்தை எழுத்தாக்கும் வேலைக்கு, பழைய டிஎன்சியின் இடத்தில், டயர்வுல்ஃப் என்ற நிரல். அது 8001 என்ற போர்ட்டில் காத்திருக்கும், லின்பிபிக்யூ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சிஸ்டம்டி சேவைகளாக்கி (லினக்ஸ் தானே தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் நிரல்கள்), டயர்வுல்ஃப் எழுந்த பிறகுதான் லின்பிபிக்யூ எழ வேண்டும், விழுந்தால் தானே எழ வேண்டும் என்று எழுதிவிட்டால் மென்பொருள் பக்கம் வேலை முடிந்தது.

இனி சத்தம்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு யூஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலும் சிஎம்108 குடும்பத்துச் சில்லுதான் இருக்கும். இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மாட்டியவுடன் ஒலி அளவுகளை அமைக்கும் ஆல்சாமிக்சரைத் திறந்து, 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்றிருப்பதை முதலில் அணையுங்கள். மைக்கில் பேசுகிறவரின் குரலைத் தானாக ஏற்றி இறக்குவதற்காக வைத்தது அது. பாக்கெட்டின் தொடக்கத்தில் ஒரு அளவு, நடுவில் வேறு அளவு என்று ஆக்கிவிட்டால் பாக்கெட் போச்சு. அப்புறம், டெஸ்க்டாப் உள்ள கணினியாக இருந்தால் அதன் ஒலிச் சேவைகளான பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ அந்தக் கார்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். விட்டுவிட்டால், பேட்டரி குறைவு என்று கணினி எழுப்பும் 'டிங்' உங்கள் கால்சைனில் காற்றில் போகும். அந்தக் கார்டை மட்டும் அவற்றின் பார்வையிலிருந்து விலக்கி வையுங்கள். டெஸ்க்டாப்பே இல்லாத லினக்ஸ் போடுவது இன்னும் நிம்மதி.

டயர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடிக்கும்போது திரையில் ஒரு வரி போடும். ஒலி அளவு 50 என்று ஓர் எண், அடுத்து அடைப்புக்குள் இரண்டு எண்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்து, அது 50-ஐ ஒட்டி இருந்தால் திருப்தியாகிவிடுவார்கள். விஷயம் அடைப்புக்குள் இருக்கிறது. இரண்டு ஸ்வரங்களும் தனித்தனியே எவ்வளவு பலமாக வந்தன என்பதுதான் அந்த எண்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் நல்லது. ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு என்றால், எங்கோ ஒரு செட் உயர்ந்த ஸ்வரத்தை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. பேச்சுக்கான எஃப்எம் செட்டுகள் அனுப்பும்போது உயர் ஒலிகளைத் தூக்கி, வாங்கும்போது அமுக்கும். மைக் வழியாக அனுப்பி ஸ்பீக்கர் வழியாக வாங்கினால் இரண்டும் ஈடாகிவிடும். ஒருவர் மைக் வழியாகவும் மற்றவர் பின்பக்க டேட்டா சாக்கெட் வழியாகவும் போனால் ஈடாகாது. எங்கள் மூவருக்கும் (மூன்றாமவர் பின்னால் வருகிறார்) செட் வேறு வேறு. அதனால் எல்லோரும் ஒரே வழி என்று பேசி முடிவெடுத்தோம். முடிவெடுத்த அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அனுப்பும் அளவைச் சரிசெய்ய கருவி இல்லாதவர்களுக்கு ஒரு கைமுறை வழி உண்டு. பக்கத்து அறையில் இன்னொரு செட்டை அதே அலைவரிசையில் வையுங்கள். டயர்வுல்ஃபைச் சோதனை ஸ்வரம் போடச் சொல்லி, சவுண்ட் கார்டின் வெளியீட்டை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றினாலும் சத்தம் கூடாது. செட் அங்கே வெட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து நன்றாகக் கீழே இறங்கி நிறுத்துங்கள். பலமாக அனுப்பினால் தூரம் போகும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. வெட்டுப்பட்ட ஒலியைக் காது தாங்கும், டீகோடர் தாங்காது.

செட்டின் ஸ்குவெல்ச்சை, அதாவது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கதவை, திறந்தே வையுங்கள். இரைச்சலாக இருக்கிறதே என்று மூடினால், பாக்கெட் வரும்போது கதவு திறப்பதற்குள் அதன் தலை போய்விடும். பாக்கெட்டா இரைச்சலா என்று பிரித்துப் பார்க்க டயர்வுல்ஃபுக்குத் தெரியும். ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிடுங்கள், வீட்டில் உள்ளவர்களின் நன்மைக்காக.

பிடிடி (அனுப்பும் பொத்தான்) அழுத்த, யூஎஸ்பி சீரியல் ஒயரின் ஆர்டிஎஸ் முனையில் ஒரு ரெசிஸ்டர், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். ஆனால் கணினி துவங்கும்போது அந்த முனை தானாக உயிர்பெறும் வாய்ப்பு உண்டு. கரண்ட் போய் வந்த ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், செட் அழுத்திப் பிடித்தபடி காற்றில் நின்றது. எங்களில் மூன்றாமவரான உரத்தநாட்டு வாத்தியார் போனில் கூப்பிட்டுச் சொன்னார். செட்டின் மெனுவில் டிஓடி என்று ஒன்று இருக்கும்: இத்தனை நேரத்துக்கு மேல் அனுப்பினால் தானே நிறுத்திக்கொள் என்பது. அதைக் குறைந்த அளவில் வைக்காமல் எந்தத் தானியங்கி நிலையத்தையும் ஆன் செய்யாதீர்கள்.

ஆன்டெனா பக்கத்திலேயே கணினியும் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். அனுப்பத் தொடங்கியதும் யூஎஸ்பி கார்டு காணாமல் போகும். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்றாக அடுக்கி நிற்கும். ரேடியோ அலை ஒயருக்குள் புகுந்து யூஎஸ்பியைக் குழப்புகிறது. ஒயரின் இரண்டு முனையிலும் அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, ஒயரைக் குட்டையாக்கி, ஆன்டெனாவை முடிந்தவரை மேலே தூக்கினால் அடங்கும்.

சத்தம் ஒழுங்கானதும் நேரம். பிடிடி அழுத்தியவுடன் செட் முழு பலத்தோடு கிளம்பிவிடாது, எதிர்முனையும் உடனே கேட்கத் தொடங்கிவிடாது. அந்த இடைவெளிக்குத்தான் டிஎக்ஸ்டிலே. டயர்வுல்ஃபில் 30 என்று இருந்தால் 300 மில்லிசெகண்ட். கைச்செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கலாம். கைச்செட்டில் பேட்டரி சேமிப்பையும் இரட்டைக் கண்காணிப்பையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் செட் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் பாக்கெட் வந்து போய்விடும். இங்கே ஒரு நுணுக்கம்: டயர்வுல்ஃப் கோப்பில் நீங்கள் எதை எழுதினாலும், லின்பிபிக்யூ வந்து ஒட்டியதும் தன் கோப்பில் இருக்கும் மதிப்பை அதன்மேல் திணித்துவிடும். டயர்வுல்ஃப் திரையில் 'கிஸ் புரோட்டோகால் செட் டிஎக்ஸ்டிலே' என்று ஒரு வரி ஓடும், கவனித்தால் தெரியும். லின்பிபிக்யூவில் அளவு மில்லிசெகண்டில், டயர்வுல்ஃபில் பத்து மில்லிசெகண்ட் கணக்கில். மாற்றுவதானால் லின்பிபிக்யூ கோப்பில் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து முதல் தடவை பட்டுக்கோட்டையிலிருந்து இணைப்பு வந்தது. வரவேற்பு வரி போனது. அதோடு நின்றது. அண்ணன் போனில், "பொட்டி திறக்குது தம்பி, உள்ள இருக்கிற கடுதாசிதான் வர மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதைவிடத் துல்லியமாக அந்த நோயைச் சொல்ல முடியாது. இணைப்புக் கேட்கும் பாக்கெட் வெறும் முகவரிதான், குட்டை, தப்பித்துவிடும். கடிதம் இருக்கும் பாக்கெட் நீளம். நீளம் கூடக்கூட ஏதாவது ஒரு பிட் அடிபடும் வாய்ப்பும் கூடும், ஒரு பிட் போனாலும் முழு பாக்கெட்டும் குப்பை. 128 பைட் கொண்ட பாக்கெட் தலைப்பையும் சேர்த்து 1200 பாட் வேகத்தில் ஏறக்குறைய ஒரு விநாடி காற்றில் இருக்கும். பலவீனமான பாதையில் பாக்லென் (பாக்கெட்டின் நீளம்) மதிப்பை 80-க்குக் குறைத்து, மேக்ஸ்ஃப்ரேமை (ரசீதுக்குக் காத்திருக்காமல் அனுப்பும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) 1 அல்லது 2 ஆக்கினால் மெதுவாகவாவது போகும்.

எங்கள் விஷயத்தில் அது போதவில்லை. காரணம் பூமி. விஎச்எஃப் அலை கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் போகும். ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கமும் 15 மீட்டர் என்றால் 16-ம் 16-ம், மொத்தம் 32 கிலோமீட்டர். தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் அதைவிட அதிகம். இடையில் மலையும் கிடையாது, ஏறி உட்கார. ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும் ஹாம்களைப் பார்த்து டெல்டாக்காரர்களுக்கு வரும் பொறாமை நியாயமானது.

ஏறக்குறைய பாதி வழியில் உரத்தநாடு. அங்கே வாத்தியார் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜிஐ பைப் நட்டு, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியையும் வண்டியில் வைக்கும் வகைப் பழைய ரேடியோ செட்டையும் வைக்க அவர் சம்மதித்தார். முதலில் அதை டிஜிபீட்டராக ஓட்டினோம், அதாவது கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லும் நிலையம். வேலை செய்தது, ஆனால் திணறியது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒவ்வொரு தாவலிலும், அதாவது ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, பத்தில் எட்டு பாக்கெட் பிழைக்கிறது என்று வையுங்கள். டிஜிபீட்டரில் ரசீது கடைசி முனையிலிருந்துதான் வர வேண்டும். பாக்கெட் போக இரண்டு தாவல், ரசீது வர இரண்டு தாவல், நான்கும் தப்பினால்தான் கணக்கில் சேரும். 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. பத்தில் நான்கு.

அதையே முனையமாக மாற்றினால், அதாவது உரத்தநாட்டிலும் லின்பிபிக்யூவை ஓடவிட்டால், தஞ்சாவூர் பாக்கெட்டுக்கு உரத்தநாடே ரசீது போட்டுவிடும், அதன் பிறகு பட்டுக்கோட்டைக்குக் கொண்டுசேர்ப்பது அதன் பாடு. ஒவ்வொரு தாவலுக்கும் பாக்கெட் போக ஒன்று, ரசீது வர ஒன்று: 0.8-ஐ இரண்டு முறை பெருக்கினால் 0.64. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பாக்கெட் தவறினால் அந்தப் பக்கம் மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். கருவிகள் அவையேதான், அமைப்பை மாற்றியதும் கடிதங்கள் ஓட ஆரம்பித்தன. நடுவில் நிலையம் வைக்க வாய்ப்பு உள்ளவர்கள் டிஜிபீட்டரில் நேரத்தைச் செலவிடாமல் நேராக முனையத்துக்குப் போய்விடலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு தொல்லை மிச்சம். எனக்கும் அண்ணனுக்கும் ஒருவர் அனுப்புவது மற்றவருக்குக் கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் உரத்தநாட்டில் மோதும். அனுப்பும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் பெர்சிஸ்ட் மதிப்பு 63 என்றால், அலைவரிசை காலியாக இருந்தாலும் ஒவ்வொரு வாய்ப்பிலும் நான்கில் ஒரு தடவைதான் அனுப்பும். அதைக் கூட்டி வேகம் பார்க்க ஆசைப்பட வேண்டாம். நிலையம் இருப்பதை அறிவிக்கும் பீக்கனை அரைமணிக்கு ஒன்று என்பதைவிட அடிக்கடி விடவும் வேண்டாம்.

பெட்டியைப் பயன்படுத்துவது சுலபம். எல் என்று அடித்தால் பட்டியல், எல்எம் என்றால் எனக்கு வந்தவை மட்டும், ஆர் போட்டு எண் கொடுத்தால் படிக்கலாம், எஸ்பி போட்டுக் கால்சைன் கொடுத்தால் தனிக்கடிதம், பி என்றால் விடைபெறலாம். எண்பதுகளிலிருந்து வரும் வழக்கம் இது, அந்தக் காலத்து ஆள் இன்று வந்தாலும் தடுமாற மாட்டார். உங்கள் கால்சைனுக்குப் பின் 0 முதல் 15 வரை எண் சேர்த்து முனையத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். எந்த எண் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது.

உரத்தநாட்டு நிலையம் பேட்டரியில் ஓடுகிறது. செட் கேட்டுக்கொண்டிருக்கவும் ராஸ்பெரி பைக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் என்று வைத்தால், 42 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதி வரை காலிசெய்ய ஒரு நாள் ஆகும். அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும். பேட்டரியைவிட எனக்குக் கவலை தந்தது கடிகாரம். ராஸ்பெரி பை 4 வரைக்கும் சொந்தக் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். கடிதங்களில் தேதி பிசகும். தினமும் பழைய கடிதங்களைத் துடைக்கும் வேலையை லின்பிபிக்யூ தேதி பார்த்துத்தான் செய்கிறது, தேதி தாறுமாறாகக் குதித்தால் படிக்காத கடிதமும் போய்விடலாம். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரத் தகடு வாங்கி மாட்டிவிடுங்கள். விலை பெரிதில்லை.

லின்பிபிக்யூவுக்கு வலைப்பக்கமும், நெட்வொர்க் வழியாக நுழைந்து கட்டளை அடிக்க டெல்நெட் வாசலும் உண்டு. இணையத்தில் திறந்துவிட்டால் எங்கிருந்தும் கடிதம் பார்க்கலாமே என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். உள்ளே வருகிறவன் அடிக்கும் எழுத்து என் கால்சைனில், என் உரிமத்தில் காற்றில் போகும். எனவே வீட்டுக்குள் மட்டும். காற்றில் போவதை ரகசியக் குறியீட்டில் மறைக்க ஹாம் விதி இடம் கொடுக்காது, ஆகவே இந்தப் பெட்டியில் போடுவது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த கடிதம். பாஸ்வேர்டு, வங்கி விவரம் எதுவும் வேண்டாம் என்று வரவேற்பு வரியிலேயே எழுதிவைத்திருக்கிறேன். ஆளில்லாமல் நிலையத்தை ஓடவிட உங்கள் உரிமத்தின் நிபந்தனைகள் என்ன சொல்கின்றன என்பதையும் முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கடிதம் போகுமா என்பது வாத்தியாரின் கேள்வி. போகும். ஏஎக்ஸ்.25 எந்த பைட்டையும் தடுப்பதில்லை. செலவுதான் கூடுதல். எழுத்தைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வணக்கம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், 21 பைட். விநாடிக்கு 150 பைட்டே போகும் பாதையில் இது கண்ணுக்குத் தெரியும் தாமதம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாக்லென் எல்லை ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால், அதன் ஒரு பைட் இந்தப் பாக்கெட்டிலும் மற்ற இரண்டு அடுத்த பாக்கெட்டிலும் போகும். பாக்கெட் வந்தவுடன் தனித்தனியாகக் காட்டும் டெர்மினல்களில் அந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டம் தெரியும். கடிதம் கெட்டுவிடவில்லை, காட்டும் விதம்தான் அப்படி.

இதற்கு எங்களுக்கு ஒத்துவந்த வழி, அண்ணன் வீட்டிலும் ஒரு லின்பிபிக்யூவை வைத்துவிட்டது. பெட்டிக்குப் பெட்டி கடிதம் மாறும்போது சுருக்கி அனுப்பும் வசதி உண்டு. தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டும் இரண்டே வகை. அதனால் நன்றாகச் சுருங்குகிறது. எழுதுவதும் படிப்பதும் அவரவர் வீட்டு நெட்வொர்க்கில், காற்றில் போவது சுருக்கிய மூட்டை மட்டும். டாஸ் காலத்து டெர்மினலை விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் நண்பர் ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. அவருக்கு மட்டும் இன்னும் தங்கிலீஷில்தான் எழுதுகிறோம்.